ஆஷ்பர்ட்டன் கேடயம்

துப்பாக்கி என்றவுடன் போரும் வேட்டையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பள்ளி மாணவர்கள் தரையில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, தொலைவிலுள்ள ஒரு வட்டத்தைக் குறிபார்த்துச் சுடுவதும் ஒரு விளையாட்டே. அவ்விளையாட்டின் பழம்பெரும் பரிசுகளுள் ஒன்று இங்கிலாந்தின் ஆஷ்பர்ட்டன் கேடயம். நம் கல்லூரியின் தேசிய மாணவர் படையில் நானும் ஒருவன். ஆதலால் அதன் வரலாற்றை அறிய ஆவல் கொண்டேன். அறிந்தவற்றை மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்போட்டியைப் பெற்றெடுத்தது அச்சம் என்றே சொல்லலாம். மூன்றாம் நெப்போலியனின் பிரெஞ்சுப் படை கடல் கடந்து வந்துவிடுமோ என்று 1859ஆம் ஆண்டில் இங்கிலாந்து கலங்கியது. ஊர்தோறும் தொண்டர் படைகள் தோன்றின. அவர்களிடையே குறிபார்க்கும் திறனை வளர்க்கத் தேசிய ரைபிள் சங்கம் அமைந்தது. இன்று டென்னிசுக்குப் பெயர்பெற்ற விம்பிள்டனில், 1860 ஜூலை 2ஆம் நாள், அதன் முதல் போட்டிகளை விக்டோரியா மகாராணியார் தொடங்கி வைத்தார். தாங்கியில் பொருத்திக் குறிவைக்கப்பட்டிருந்த ரைபிளின் விசையை அவர் பட்டுக் கயிற்றால் இழுக்க, 400 கெஜத்திற்கு அப்பால் இருந்த இலக்கின் மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் குண்டு பாய்ந்தது.

மறு ஆண்டே பள்ளிகளுக்கெனத் தனிப் போட்டி ஏற்பட்டது. ஆஷ்பர்ட்டன் பிரபு அதற்குக் கேடயம் வழங்கினார். 1861இல் அதை முதன்முதலாக வென்றது ரக்பி பள்ளி. 1890இல் சங்கத்தின் போட்டிகள் சர்ரே மாவட்டத்துப் பிஸ்லிக்கு மாறின. கேடயமும் உடன் சென்றது.

போட்டியின் நுட்பத்தைச் சற்றுக் காண்போம். 500 கெஜம் என்பது ஏறத்தாழ 457 மீட்டர். குண்டு அத்தூரத்தைக் கடக்க அரை நொடிக்கு மேல் ஆகிறது. அந்தச் சிறு பொழுதிற்குள் புவியீர்ப்பு அதை ஒரு மீட்டருக்கும் அதிகமாகக் கீழே இழுத்துவிடும். ஆகவே குழல்வாய் சற்று மேல்நோக்கி இருக்குமாறு பின்குறியை உயர்த்த வேண்டும். பக்கக் காற்றோ குண்டை ஓரமாகத் தள்ளும். புவியீர்ப்பு மாறாதது, அதைக் கணக்கிட்டுவிடலாம். காற்று நொடிக்கு நொடி மாறுவது. திடலில் பறக்கும் கொடிகளைப் பார்த்து அதன் வேகத்தை மதிப்பிட வேண்டும். வகுப்பறையில் நாம் கரும்பலகையில் போடும் எறிபொருள் கணக்கு அங்கே புல்தரையில் நடக்கிறது.

ஒவ்வொரு குண்டும் பாய்ந்தபின் இலக்குப் பலகையைப் பள்ளத்தில் இறக்குவார்கள். துளையில் அடையாள வில்லையைச் செருகி மீண்டும் உயர்த்துவார்கள். தன் குண்டு எங்கே பட்டது என்பதைச் சுட்டவன் அப்போது கண்ணால் காண்கிறான். நடுவட்டத்துக்கு 5 புள்ளி. விலக விலகப் புள்ளி குறையும். இக்காலத்தில் ஓர் அணிக்கு எட்டுப் பேர். எண்மரின் புள்ளிகளையும் கூட்டியே வெற்றியை முடிவு செய்கிறார்கள். ஒருவன் மட்டும் வீரனாக இருந்தால் கேடயம் கிடைக்காது. எட்டாமவனின் கையும் நடுங்காதிருக்க வேண்டும்.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. தொடக்கத்தில் இக்கேடயம் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயின்ற பள்ளிகளுக்கே உரியதாயிருந்தது. மேலும், அப்பள்ளிகளின் பயிற்சித் திடல்களிலிருந்து சென்ற இளைஞர்கள் பலர் 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போரில் அதிகாரிகளாகி மாண்டனர். அச்சத்தில் பிறந்த விளையாட்டு தன் பிள்ளைகளையே காவு கொடுத்தது.

மாணவர் படை என்னும் அம்முறை நம் நாட்டிற்கும் வந்தது. 1917இல் பல்கலைக்கழகப் படை தோன்றியது. விடுதலைக்கு முன் அது கல்லூரி காணும் வாய்ப்புப் பெற்ற சிலருக்கே எட்டியது. குன்ஸ்ரு குழுவின் பரிந்துரைப்படி 1948இல் தேசிய மாணவர் படை அமைந்தபோது பள்ளிகளுக்கும் கதவு திறந்தது. 1949இல் மாணவியர்க்கும் பிரிவு வந்தது. மக்களவையின் முதல் சபாநாயகர் ஜி.வி. மவ்லங்கர் முன்னின்று 1951இல் இந்தியத் தேசிய ரைபிள் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். துப்பாக்கியைச் சொந்தமாக வாங்குவது எங்களுக்குக் கனவிலும் நடவாது. ஆயினும் 25 மீட்டர் திடலில் பாயை விரித்துப் .22 ரைபிளை ஏந்துகையில், அரசு எனக்கும் ஐந்து குண்டுகள் தருகிறது. மருத்துவர் மகனான என் நண்பனுக்கும் அதே ஐந்துதான். சுட்டவன் யார் மகன் என்று இலக்குத் தாள் கேட்பதில்லை. ஆஷ்பர்ட்டன் கேடயம் பிறந்தபோது இல்லாத அந்தச் சமன்மை இன்று நம் திடலில் இருக்கிறது. அதைக் காப்பது நம் கடமை. பயிற்சி அறிவிப்பு வரும்போது, ‘அது நமக்கு ஏது?’ என்று தயங்கி நிற்கும் நண்பர்கள் துணிந்து பெயர் கொடுப்பார்களாக!