சமையலறையில் தொடங்க வேண்டிய கழிவு முகாமைத்துவம்

2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, நாட்டு மக்கள் புத்தாண்டைக் கொண்டாடிக் கொண்டிருந்த வேளையில், கொலன்னாவை மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து குடியிருப்புகளின் மீது வீழ்ந்தது. 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கொழும்பு நகரம் ஆண்டுக்கணக்கில் தூக்கியெறிந்தவை மலையாகி, அம்மலையின் அடிவாரத்தில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களைப் பலிகொண்டன.

அந்த அனர்த்தத்துக்குப் பின்னர் அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் ஒரே கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டனர். இனிமேல் குப்பையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதே அது. புத்தளம் மாவட்டத்தின் அருவக்காலு அதற்கு விடையாகக் கண்டறியப்பட்டது. தலைநகரின் கழிவைத் தமது மண் ஏன் சுமக்க வேண்டும் எனக் கேட்டு, புத்தளத்தின் தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் 2018ஆம் ஆண்டில் வீதியில் அமர்ந்து சத்தியாக்கிரகம் இருந்தனர். எனினும் 2019 ஆகஸ்டில் கொழும்புக் குப்பை அங்கு போய்ச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் கல்லுண்டாய், மட்டக்களப்பில் திருப்பெருந்துறை என இடத்தின் பெயர் மாறுகிறதே தவிர, புகையும் துர்நாற்றமும் இலையான் தொல்லையுமாக அயலவரின் முறைப்பாடு எங்கும் ஒன்றாகவே இருந்து வந்துள்ளது.

கொட்டப்படும் பைக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி அந்த அளவுக்கு எழுப்பப்படவில்லை. இலங்கையில் நாளாந்தம் சேரும் திண்மக் கழிவு சுமார் 7,000 தொன் என்றும், அதில் ஏறத்தாழ அரைவாசியையே உள்ளூராட்சி மன்றங்கள் சேகரிக்கின்றன என்றும் பொதுவாக மதிப்பிடப்படுகின்றது. இக்கழிவில் அரைவாசிக்கும் மேற்பட்டது உக்கக்கூடியது. மரக்கறித் தோல், மீன் செதில், மிஞ்சிய சோறு, தேங்காய்ப்பூச் சக்கை, தேயிலைச் சக்கை, முற்றத்துச் சருகு என்பனவே அவை. மண்ணில் போட்டால் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் மண்ணாகிவிடக்கூடிய இப்பொருட்களை, நூறு வருடங்களானாலும் மண்ணாகாத பொலித்தீன் பைக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி வாசலில் வைக்கிறோம். பிரச்சினையின் முடிச்சு அங்கேதான் விழுகிறது.

காற்றோட்டமுள்ள இடத்தில் உக்கும் பொருள் எருவாக மாறும். காற்றுப் புகாத பைக்குள்ளும், மலைபோல் குவிந்த மேட்டின் அடியிலும் அதே பொருள் அழுகி, தீப்பற்றக்கூடிய மெதேன் வாயுவை வெளியிடும். குப்பைமேடுகள் அடிக்கடி தீப்பிடித்து நாட்கணக்கில் புகைவதற்கு இவ்வாயு ஒரு முக்கிய காரணமாகும். அழுகலிலிருந்து வடியும் கரிய நீர், மேட்டிலுள்ள பற்றரி, மின்குமிழ், வர்ணப்பூச்சுப் பேணி ஆகியவற்றின் நச்சுப் பொருட்களையும் கரைத்துக்கொண்டு நிலத்துக்குள் இறங்குகிறது. கரையோர ஊர்களின் மணற்பாங்கான நிலத்தில் இந்நீர் கிணற்றைச் சென்றடைய அதிக காலம் எடுக்காது. சமையலறைக் கழிவின் எடையில் பெரும்பகுதி வெறும் நீரே. அந்த நீரை லொறியில் ஏற்றி மைல் கணக்கில் கொண்டுசெல்வதற்கே வரிப்பணத்தில் எரிபொருள் வாங்குகிறோம். கழிவை எரித்து மின்சாரம் பெறுவதற்காக 2021இல் கெரவலப்பிட்டியில் திறக்கப்பட்ட நிலையம் போன்றவற்றுக்கும் ஈரக் கழிவு உகந்ததன்று.

கிழக்கு மாகாண வாசகர்களுக்கு இதனை விளக்க அதிக தூரம் செல்ல வேண்டியதில்லை. அம்பாறை மாவட்டத்தில் ஒலுவிலை அண்டிய பள்ளக்காட்டில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 2008ஆம் ஆண்டில் கழிவு சேர்க்கும் இடமொன்று அமைக்கப்பட்டது. அயலிலுள்ள ஒன்பது ஊர்களின் கழிவு அங்கு கொட்டப்பட்டதேயன்றி, மீள்சுழற்சி செய்யப்படவில்லை. சுற்றியிருந்த மின்வேலி 2014இல் மின்னல் தாக்கிச் செயலிழந்தது. அது திருத்தப்படாமலே விடப்பட்டது. காட்டு யானைகள் மேட்டுக்கு வரத் தொடங்கின. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கு பிளாஸ்டிக்கை உட்கொண்டு இறந்தமை 2022 ஜனவரியில் உலகச் செய்தியாயிற்று. இறந்த யானைகளின் வயிற்றில் பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும் காணப்பட்டனவே தவிர, யானையின் வழமையான உணவு எதனையும் காண முடியவில்லை என மிருக வைத்தியர்கள் தெரிவித்தனர்.

யானைக்குப் பொலித்தீன் மீது விருப்பம் எதுவுமில்லை. அதனை இழுத்து வருவது உள்ளே இருக்கும் சோற்றினதும் பழத்தோலினதும் வாசனையாகும். முடிச்சை அவிழ்த்து உணவை மட்டும் எடுக்க அதனால் இயலாது. ஆகவே பையோடு விழுங்குகிறது. வீட்டில் அந்தச் சோறு வேறாகவும் பை வேறாகவும் வைக்கப்பட்டிருக்குமானால், அந்த மேட்டில் யானைக்குத் தேடுவதற்கு எதுவும் இருந்திராது. வேலி அமைப்பதும் அகழி வெட்டுவதும் அவசியந்தான். ஆனால் தமிழர் வீட்டுப் பையும் முஸ்லிம் வீட்டுப் பையும் பேதமின்றி ஒரே மேட்டில் போய் விழும் ஒரு கரையோரத்தில், முதல் வேலி எமது அடுப்படியிலேயே போடப்பட வேண்டியிருக்கிறது.

தரம் பிரித்தல் என்றதும் பலரின் கண்முன் வருவது ஐந்து நிறத் தொட்டிகளாகும். இலங்கையில் பின்பற்றப்படும் நிற ஒழுங்கின்படி பச்சை நிறம் உக்கும் கழிவுக்கும், நீலம் கடதாசிக்கும், செம்மஞ்சள் பிளாஸ்டிக், பொலித்தீனுக்கும், சிவப்பு கண்ணாடிக்கும், கபிலம் உலோகத்துக்கும் சிரட்டைக்கும் உரியன. பாடசாலை, பேருந்து நிலையம், வைத்தியசாலை போன்ற பொது இடங்களுக்கு இது பொருத்தமானதே. ஆனால் ஏழு பேர்ச் காணியில் இரண்டு குடும்பங்கள் வாழும் சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ, ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து தொட்டிகளை வைக்குமாறு கூறுவது நடைமுறைக்கு ஒவ்வாது. வீட்டுக்கு இரண்டு பாத்திரங்கள் போதும். ஈரமானது ஒன்றில், உலர்ந்தது மற்றொன்றில் சேர வேண்டும். இந்த ஒரு பிரிப்பு சரியாக நடந்துவிட்டால், உலர்ந்தவற்றைப் பின்னர் எவரும் எங்கேயும் வகைப்படுத்தலாம். ஈரமும் உலர்வும் ஒருமுறை கலந்துவிட்டால் அதனை மீளப் பிரிக்க எந்த இயந்திரத்தாலும் மலிவாக இயலாது. மீன் குழம்பு ஊறிய காட்போட் மட்டையைக் கடதாசி ஆலை ஏற்காது; கண்ணாடித் துண்டும் பற்றரியும் கலந்த எருவை எந்த விவசாயியும் வயலில் போடமாட்டார்.

உலர்ந்த பொருட்களுக்குச் சந்தை ஒன்று ஏற்கனவே இருக்கிறது. பழைய இரும்பு, போத்தல், பத்திரிகை வாங்குவதற்காகத் தள்ளுவண்டியிலும் சைக்கிளிலும் வீதி வீதியாக வருபவர்களே இந்நாட்டின் மீள்சுழற்சித் தொழிலை நெடுங்காலமாகத் தாங்கி வருகின்றனர் என்றால் அது மிகையன்று. அவர்கள் வாங்குவது சுத்தமான பொருளை மாத்திரமே. குடிநீர்ப் போத்தலைக் கழுவி, நசுக்கி, மூடியைத் தனியாக எடுத்து வைத்தால் அதற்கு விலை உண்டு. மூடி வேறு வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. யோகட் கோப்பையை நீரில் அலசிக் காயவைப்பது ஒரு நிமிட வேலை. அலசாமல் எறிந்த கோப்பையில் எறும்பும் மழை நீரும் சேரும். 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோய்க்கு ஆளான 2017ஆம் ஆண்டில், நுளம்புக் குடம்பிகள் எங்கெல்லாம் பிடிபட்டன என்பதைச் சுகாதாரப் பரிசோதகர்களிடம் கேட்டால், சிரட்டையையும் இத்தகைய கோப்பைகளையும் அவர்கள் தவறாமல் குறிப்பிடுவர்.

எல்லாவற்றையும் மீள்சுழற்சி செய்யலாம் என்ற நம்பிக்கையும் தவறானது. பால்மா பைக்கட், பிஸ்கட் உறை, சிற்றுண்டிப் பொதி ஆகியன பிளாஸ்டிக்கும் அலுமினியமும் படலம் படலமாக ஒட்டப்பட்டவை. அவற்றைப் பிரித்தெடுப்பது இலாபகரமானதன்று. எனவே அவற்றை வாங்க எவரும் முன்வருவதில்லை. குழந்தைகளின் பம்பர்ஸும் இதே வகையினதே. இவற்றின் பயன்பாட்டைக் குறைப்பதைத் தவிர வீட்டார் செய்யக்கூடியது அதிகமில்லை. பொதியிட்டு விற்கும் நிறுவனங்களிடமிருந்து பொறுப்புக் கோருவது அரசின் கடமை. லன்ச் சீட், றெஜிபோம் உணவுப் பெட்டி என்பன 2017 செப்டெம்பரிலும், 20 கிராமுக்கு அல்லது 20 மில்லிலீற்றருக்கு மேற்படாத சிறு பைக்கட்டுகள் (உணவும் மருந்தும் தவிர) 2021 மார்ச்சிலும் தடைசெய்யப்பட்டன. தடை எந்த அளவுக்கு அமுலாகின்றது என்பதை எந்தவொரு சாப்பாட்டுக் கடைக்கும் சென்று பார்த்தே அறிந்துகொள்ளலாம். பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும் 2017இன் அந்த ஒழுங்குவிதிகளால் தடைசெய்யப்பட்டதொன்றாகும். ஆயினும் மாலையானதும் வேலியோரத்தில் பொலித்தீனை எரிக்கும் வழக்கம் பல வீடுகளில் இன்னமும் தொடர்கின்றது. குறைந்த வெப்பத்தில் எரியும் பிளாஸ்டிக்கிலிருந்து எழும் புகையில் டயொக்சின் போன்ற கொடிய நஞ்சுகள் உள்ளன. அதனை முதலில் சுவாசிப்பவர்கள் அவ்வீட்டுக் குழந்தைகளே.

ஈரக் கழிவை வீட்டிலேயே எருவாக்குவது கடினமானதன்று. அடியில் திறந்த ஒரு பீப்பாய் அல்லது இரண்டடிக் குழி, கிணற்றிலிருந்து போதிய தூரத்தில் இருந்தால் போதும். சமையலறைக் கழிவு ஒரு படை, அதன்மேல் காய்ந்த சருகு அல்லது மரத்தூள் ஒரு படை என மாறி மாறி இட்டு, வாரத்துக்கொரு முறை கிளறிவிட வேண்டும். நாற்றம் எழுமானால் ஈரம் மிஞ்சிவிட்டது என்பது பொருள். சருகு சேர்த்தால் அடங்கிவிடும். மீன் தலை, இறால் கோது, இறைச்சிக் கழிவு ஆகியவற்றை இதில் போட்டால் நாயும் காகமும் கிளறிவிடும் என்பதால் அவற்றை ஆழமாகப் புதைப்பதே நல்லது. ஹஜ்ஜுப் பெருநாள் காலத்தில் குர்பான் கழிவுகளைப் பள்ளிவாசல் நிருவாகங்கள் பொது இடமொன்றில் ஆழக் குழி வெட்டிப் புதைக்க ஏற்பாடு செய்யும் ஊர்களில், அந்த நாட்களின் துர்நாற்றம் பெருமளவு குறையும். முற்றமே இல்லாத வீடுகளுக்கு உள்ளூராட்சி மன்றத்தின் எருத் தயாரிப்பு நிலையமே வழி. பலாங்கொடை நகர சபை நீண்டகாலமாக எரு தயாரித்து விற்பனை செய்து வருகின்றது.

2021ஆம் ஆண்டில் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தபோது அம்பாறை, மட்டக்களப்பு விவசாயிகள் சேதனப் பசளைக்காக அலைந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதே ஆண்டில் சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளை, தீங்கு தரும் பற்றீரியா காணப்பட்டதாகக் கூறி நிராகரிக்கப்பட்டது. ஆனாலும் 60 இலட்சம் டொலருக்கும் அதிகமான தொகையை நாடு செலுத்த நேர்ந்தது. அந்த மாதங்களிலும் எமது உழவு இயந்திரங்கள், எருவாகியிருக்கக்கூடிய தொன் கணக்கான கழிவைப் பொலித்தீனோடு சேர்த்துக் குப்பைமேட்டுக்கு ஏற்றிச் சென்றுகொண்டுதான் இருந்தன.

கல்யாண வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாழையிலையில் பரிமாறும் வழக்கமும், பலர் ஒன்றாக அமர்ந்து ஒரே சஹனில் உண்ணும் வழக்கமும் கழிவே மிஞ்சாத ஏற்பாடுகளாக இருந்தவை. இன்று இலைக்குப் பதிலாக இலை நிறத்துப் பிளாஸ்டிக் தாளும், சஹனுக்கு மேல் விரிக்கும் பொலித்தீனும் வந்துவிட்டன. கழுவும் வேலை மிச்சம் என்கிறார்கள். மறுநாள் காலை மண்டபத்தின் பின்புறத்தைப் பார்த்தால் அந்த மிச்சத்தின் அளவு தெரியும்.

வீட்டார் மீது மட்டும் பொறுப்பைச் சுமத்துவது நியாயமாகாது. நாம் பிரித்து வைக்கிறோம், அவர்கள் ஒரே பெட்டியில் கொட்டிக் கலந்து கொண்டுபோகிறார்கள் என்ற முறைப்பாடு பல ஊர்களில் கேட்கின்றது. அது உண்மையாக இருக்கும் ஊரில் இரண்டாவது வாரத்திலேயே மக்கள் பிரிப்பதை நிறுத்திவிடுவர். அவர்களைக் குறைகூறவும் முடியாது. சேகரிக்கப்படும் வீட்டுக் கழிவு சட்டப்படி உள்ளூராட்சி மன்றத்தின் உடைமையாகும். உடைமைக்குரியவர்கள் என்ற வகையில், வாரத்தில் இன்ன நாட்களில் ஈரக் கழிவு, இன்ன நாளில் உலர் கழிவு என அட்டவணை வகுத்து, அந்நாளில் தவறாது வண்டியை அனுப்ப வேண்டியது மன்றங்களின் கடமை. ஊர் முழுவதிலும் ஒரே நாளில் ஆரம்பித்துக் கைவிடுவதைவிட, நான்கு ஒழுங்கைகளில் ஆரம்பித்து ஆறு மாதம் ஒழுங்காக நடத்திக் காட்டுவது மேல். வண்டி வரும் என்ற நம்பிக்கை பிறந்த பின்னர், கலந்து கட்டிய பையை ஏற்க மறுக்கும் தார்மீக உரிமையும் மன்றத்துக்குக் கிடைக்கும்.

இவ்விடத்தில் எமது சமூகங்கள் பேசத் தயங்கும் விடயம் ஒன்றும் உண்டு. அந்தப் பைகளை அவிழ்ப்பவை மனிதக் கைகள். உடைந்த கண்ணாடியும், நீரிழிவு நோயாளர் ஊசி ஏற்றிய பின் எறியும் ஊசி முனையும் சுகாதாரத் தொழிலாளரின் கையிலேயே ஏறுகின்றன. பலருக்குத் தரமான கையுறையும் இல்லை. ஊசியை மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து, நிரம்பியதும் அருகிலுள்ள வைத்தியசாலையில் ஒப்படைக்க முடியுமா எனக் கேட்டறிய வேண்டும். கண்ணாடித் துண்டைப் பழைய பத்திரிகையில் பல மடிப்பாகச் சுற்றி, மேலே கண்ணாடி என எழுதி, வண்டி வரும்போது கையில் நேராகக் கொடுக்கலாம். கிழக்கில் மாரி மழை தொடங்கிவிட்டால் ஈரப் பைகளின் பாரமும் நாற்றமும் இரு மடங்காகும். அவற்றைத் தூக்கி ஏற்றுபவரும் அதே தொழிலாளரே. ஒக்டோபருக்கு முன்னரான உலர்ந்த மாதங்களிலேயே எருக்குழியை வெட்டிச் சருகையும் சேர்த்து வைத்துக்கொள்வது வசதியானது.