தரங்கம்பாடி: கோட்டையும் குப்பமும்

தில்லி ஐ.என்.ஏ. சந்தையில் பனிக்கட்டியின் மீது கிடக்கும் வஞ்சிரத்துக்கு விலை பேசும் நம்மவர் பலருக்கு, மீன் கரையேறும் காட்சி மறந்தே போயிருக்கும். அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்கள் மயிலாடுதுறையில் இறங்கிப் பேருந்தேறித் தரங்கம்பாடிக்கு ஒருமுறை சென்று வரலாம்.

தரங்கம்பாடி என்றதும் டேனியர் கோட்டையே நினைவுக்கு வரும். தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் எழுப்பியது அது. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு இங்கு அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் நிறைவெய்தியது. 1845இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். இவை புத்தகங்களில் கிடைக்கும் செய்திகள். நாம் கோட்டைக்கு அருகேயுள்ள குப்பத்தைப் பார்ப்போம்.

உல்லாசப் பிரயாணிகள் சிற்றுண்டி முடித்துக் கோட்டை வாயிலுக்கு வரும் வேளையில் மீனவரின் நாள் பாதி கழிந்துவிடும். விடியுமுன்பே படகுகள் கடலில் இறங்குகின்றன. முன்னாளில் கட்டுமரங்கள், கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலரவிடுவர். ஆங்கிலேயரும் அச்சொல்லைத் தம் மொழியில் எடுத்துக்கொண்டனர். இன்று பெரும்பாலும் எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகுகளே. படகு திரும்பியதும் மணலிலேயே ஏலம். எண்ணெய்ச் செலவு போக, படகுக்கும் வலைக்கும் பங்கு பிரித்து, எஞ்சியதைக் கடலுக்குப் போனவர்கள் பகிர்ந்துகொள்வர். மீன் அகப்படாத நாளில் பங்கும் இல்லை, கூலியும் இல்லை. ஏலத்தில் எடுத்த மீனைப் பெண்கள் கூடையில் சுமந்து பக்கத்து ஊர்களுக்குச் செல்கிறார்கள். விற்காது மிஞ்சியது கருவாடாகும். குடும்பத்தின் கையில் அன்றாடம் காசு புழங்குவது பெரும்பாலும் இப்பெண்களின் உழைப்பினாலேயே என்பது என் கருத்து.

மீனவரின் வீடு கடலைப் பார்த்திருப்பது அழகுக்காக அன்று. வாசலில் நின்றே அவர் காற்றின் திசையையும் அலையின் போக்கையும் நீரின் நிறத்தையும் கண்டு, இறங்கலாமா என்று முடிவு செய்கிறார். வலையும் படகும் கண்பார்வையில் இருக்கின்றன. இந்த வாழ்க்கையைத்தான் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கலைத்தது. இவ்வூரில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மறு ஆண்டில் அரசு ஓர் ஏற்பாடு செய்தது: கடலிலிருந்து இருநூறு மீட்டருக்குள் இருப்போர் உள்ளே தள்ளிப் போனால் புதிய வீடு கிடைக்கும், பழைய மனை அரசைச் சேரும், போகாதவர் தம் செலவிலேயே வீட்டைச் செப்பனிட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகளைக் கடலுக்குப் பறிகொடுத்தவர்கள் விலகிப் போக விரும்பியதில் வியப்பில்லை. ஆயினும் கடலை நோக்கிய பழைய கலெக்டர் பங்களா புதுப்பிக்கப்பட்டு, பிரயாணிகளின் தங்கும் விடுதியாகி நிற்கிறது. அலையோசையைக் கேட்டபடி உறங்க அவர்கள் பணம் கொடுக்கிறார்கள். அதே ஓசையைக் கேட்டுத் தொழில் செய்தவர்களோ காற்றை அறியக் கரை வரை நடந்து வரவேண்டியிருக்கிறது. பாதுகாப்பு வேண்டியதே, அதற்குரிய விலையை யார் தருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனம் பெருகும் பொருட்டு, விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த 61 நாட்களில் செல்வோர் கரையில் சிறு படகுகளையே காண்பர். மீன் விலையும் ஏறியிருக்கும். எப்போது சென்றாலும் காலையிலேயே கரைக்குப் போய்விடுங்கள். ஏலம் நடக்கையில் குறுக்கே நின்று படம் பிடிக்க வேண்டாம். ஏலம் முடிந்தபின், வலை செப்பனிடும் பெரியவர்களிடம் அன்றைய காற்றைப் பற்றிக் கேளுங்கள்.