சொல் இருக்கிறது, இசை எங்கே?

சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிலே வள்ளைப்பாட்டு என்றொரு பகுதி உண்டு. மகளிர் உலக்கை கொண்டு குற்றுங்காற் பாடும் பாட்டு அது. சென்ற தவணையில் ஒருநாள் அப்பகுதியைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தகைய பாட்டுக்களை இளங்கோவடிகள் ஏட்டிலே கண்டிருக்கமாட்டார், நாட்டு மகளிரின் முற்றங்களிலே கேட்டிருத்தல் வேண்டும் என்று கூறினேன். அதற்குச் சான்றாக, என் அம்மம்மாவின் தங்கையார் நெற்குற்றும்போது பாடிய பாட்டொன்றை என் பழைய கொப்பியிலிருந்து படித்துக் காட்டினேன். பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அதை ஒருக்காப் பாடிக் காட்டுங்கோ" என்றாள்.

என்னாற் பாட முடியவில்லை. சொற்கள் முழுவதும் என் கையில் இருந்தன. மெட்டு என் நினைவில் இல்லை.

அந்தக் கொப்பியின் வரலாற்றைச் சொல்லவேண்டும். 1992ஆம் ஆண்டு நான் பண்டிதர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். குடாநாட்டிலே மின்சாரம் இல்லை, மின்கலங்களுக்குத் தடை. மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. நாங்கள் சின்னாச்சி என்றழைத்த அம்மூதாட்டி ஒருநாள் மாலை திண்ணையிலிருந்து பழைய பாட்டுக்களைப் பாடினார். அயல் வீட்டிலே ஒலிநாடாக் கருவி ஒன்று இருந்தது. "டைனமோவைச் சுத்தட்டே அண்ணை, பதிஞ்சு வைப்பம்" என்று தம்பி கேட்டான். "வேண்டாம், சொல் போதும்" என்றேன். பாட்டென்றாற் சொல்லே என்று எண்ணியிருந்த பண்டித மாணவன் நான்.

அம்மட்டோடு நின்றேனா? எழுதும்போதே திருத்தினேன். ஓரடியிற் சீர் மிகுந்திருந்தால் வெட்டினேன். மீண்டும் மீண்டும் வந்த அசைகளைப் பொருளற்றவை என்று நீக்கினேன். கொச்சை என்று தோன்றிய சொற்களுக்குச் செந்தமிழ்ச் சொற்களை வைத்தேன். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் பெயர்ந்தபோது நாங்களும் பெயர்ந்தோம். தென்மராட்சியில் ஒரு கொட்டிலிலே சின்னாச்சி காலமானார். காணி உறுதிகளோடு என் பையில் வந்த கொப்பி இன்றும் இருக்கிறது. அதிலிருப்பது அவருடைய பாட்டுத்தானா என்பதே இப்போது என் ஐயம்.

நாட்டார் பாடலைப் பண்டிதர்கள் இகழ்ந்தனர் என்று சிலர் கூறுவர். அது முழு உண்மையன்று. தொல்காப்பியர் செய்யுளியலிலே பண்ணத்தி என்றொன்றைக் கூறினார். எழுத்திலே பயிலாத புறவழக்குப் பாடல்களை அப்பெயராற் கொண்டார் உரையாசிரியர் பேராசிரியர். அம்மானை, ஊசல், கந்துகம், குரவை என்பவற்றையெல்லாம் இளங்கோவடிகள் காப்பியத்துள்ளே வைத்தார். நம் நாட்டிலும், 1921இல் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தைத் தோற்றுவித்து, பண்டிதர் பரீட்சைக்கு வழி சமைத்தவர்களுள் முதன்மையான வித்தியாதரிசி தி. சதாசிவ ஐயர் அவர்களே, 1940இல் மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டைப் பதிப்பித்தவர். பண்டிதர் மரபுக்குத் தந்தையாயிருந்தவர் நாட்டுக் கூத்துப் பாடலுக்கும் செவிலித்தாயானார்.

அவருக்குப் பின் வட்டுக்கோட்டை மு. இராமலிங்கம் அவர்கள் வட இலங்கையின் நாட்டார் பாடல்களை ஊரூராய்த் திரட்டி நூலாக்கினார். பேராசிரியர் இ. பாலசுந்தரம் அவர்களின் ஈழத்து நாட்டார் பாடல்கள் பற்றிய ஆய்வு 1979இல் வெளிவந்தது. தமிழகத்திலே பெர்சி மக்குவீன் என்ற ஆங்கில அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் 1958இல் மலையருவி என்னும் பெயராற் பதிப்பித்தார். நா. வானமாமலையின் தமிழர் நாட்டுப் பாடல்கள் 1964இல் வந்தது. இப்பெரியார்கள் இல்லையேல் நமக்கு ஒன்றுமே எஞ்சியிராது. எனினும் இத்தகைய தொகுதிகளிலே பெரும்பாலும் அச்சேறியது சொல்லே; இசை பாடினோரின் தொண்டையோடு நின்றுவிட்டது.

இசையை இழந்தால் என்ன, பொருள் இருக்கிறதே என்று கேட்கலாம். வடமராட்சிக் கரையிலே கரைவலை இழுப்போர் பாடிய அம்பாப் பாட்டை எண்ணிப் பாருங்கள். ஒருவர் முன்னே பாட, மற்றையோர் ஏலேலோ என்று ஏற்றுப் பாடுவர். அந்த ஏற்பிலேதான் கைகள் ஒருங்கே கயிற்றை இழுக்கும். ஏட்டிலே பொருளற்றதாய்க் கிடக்கும் அவ்வசைதான் கடலிலே வேலை செய்யும் அசை. துலாமிதிப்போர் பாட்டும், அருவி வெட்டுவோர் பாட்டும், உலக்கைப் பாட்டும் அத்தகையனவே. மூச்சு வாங்கும் இடம், உலக்கை விழும் இடம், எதிரே நிற்பவள் தன் உலக்கையை ஓங்கும் இடம் ஆகியவற்றை அறிவிப்பது மெட்டு. சீர் மிகுந்தது என்று நான் வெட்டிய இடங்களெல்லாம் சின்னாச்சி மூச்சு வாங்கிய இடங்களே என்பதை மிகப் பிந்தியே உணர்ந்தேன்.

இந்தக் கவலையோடிருந்த நாளில் வேறொரு தீவின் கதையை வாசிக்க நேர்ந்தது. மேற்கே அயர்லாந்து என்னும் சிறு தீவு. அங்கே கதை தலைகீழாக நடந்திருக்கிறது. நாம் சொல்லைப் பிடித்து இசையை விட்டோம். அவர்கள் முதலில் இசையைப் பிடித்துச் சொல்லை விட்டார்கள்.

1792ஆம் ஆண்டு பெல்பாஸ்ட் நகரிலே பழைய யாழ்க்கலைஞர்களை அழைத்து விழா ஒன்று நடத்தினர். வந்தோருள் உள்நாட்டார் பதின்மரே. அவர்களிற் பலர் கண்பார்வையற்றவர். முதியவராகிய டெனிஸ் ஹெம்ப்சன் தொண்ணூறு வயதைக் கடந்தவர். அவர்கள் மீட்டியவற்றை இசைக்குறியில் எழுத அமர்த்தப்பட்டவர் எட்வேர்ட் பண்டிங் என்னும் பத்தொன்பது வயது இளைஞர். அவர் அதனையே வாழ்நாட் பணியாகக் கொண்டு 1796, 1809, 1840 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். ஆயினும் அவரும் திருத்தினார். கம்பி நரம்பிலே நகத்தால் மீட்டப்பட்ட இசையைப் பியானோவுக்கு ஏற்ப மாற்றினார். 1802இல் பற்றிக் லிஞ்ச் என்பவரை அனுப்பி ஐரிஷ் மொழிச் சொற்களைத் திரட்டுவித்தும், அவற்றைத் தம் தொகுதிகளிற் சேர்த்தாரல்லர். சொல்லையும் இசையையும் பொருத்தும் பணியை, நூறாண்டுக்கு மேல் கழித்து, டோனல் ஓ சலிவன் என்னும் அறிஞர் செய்தார். என் கொப்பியை நினைத்துக்கொண்டேன். கற்றவன் கை பட்டால் நாட்டார் பாட்டுக்கு எந்நாட்டிலும் இதுவே கதி போலும்!

1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்திலே அயர்லாந்தில் ஏறக்குறையப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். ஏறக்குறைய அத்தனை பேர் கப்பலேறினர். பாட்டும் உடன் சென்றது. கோர்க் மாவட்டத்திலே பிறந்து சிக்காகோ நகரின் பொலிஸ் தலைவராய் உயர்ந்த பிரான்சிஸ் ஓ நீல், புலம்பெயர்ந்த தம் நாட்டாரிடமிருந்து இசையைத் திரட்டி, 1903இல் 1850 மெட்டுக்கள் அடங்கிய நூலை வெளியிட்டார். அவருக்கு இசைக்குறி எழுதத் தெரியாது. அவர் வாசித்துக் காட்ட, ஜேம்ஸ் ஓ நீல் என்பவர் எழுதினார். தாயகத்தில் தேய்ந்தது அயல்நாட்டிலே காக்கப்பட்டது. கனடாவிலும் இலண்டனிலும் நம் மூதாட்டியர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை எண்ணுவார்க்கு இச்செய்தியின் அருமை விளங்கும்.

பின்னர் இசைத்தட்டு வந்தது. ஸ்லைகோ மாவட்டத்து மைக்கல் கோல்மன் என்னும் பிடில் கலைஞர் நியூயோர்க்கிலே பதிவு செய்த தட்டுக்கள் 1920களிலும் 1930களிலும் கடல் கடந்து தாயகம் வந்தன. ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஒலிக்கும். கிராமத்துக் கலைஞர்கள் அவற்றைக் கேட்டுக் கேட்டுப் பயின்றனர். இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. கோல்மன் வாசித்ததே சரியென்று கொண்ட பலர், தத்தம் ஊருக்குரிய பாணியைக் கைவிட்டனர். ஒலிப்பதிவு பாட்டைக் காக்கும். ஒருவர் குரலையே சட்டமாக்கினால் மற்றைக் குரல்களை அடக்கவுஞ் செய்யும்.

1935இல் ஐரிஷ் நாட்டாரியல் ஆணைக்குழு அமைந்தது. அதன் சேகரிப்பாளர்கள் மெழுகு உருளைகளிலே முதியோரின் குரலைப் பதிந்தனர். ஆனால் உருளைகளுக்குப் பணம் போதவில்லை. சொல்லை எழுதியெடுத்ததும் மெழுகின் மேற்பரப்பை மழித்துவிட்டு, அதிலேயே அடுத்தவர் குரலைப் பதிந்தனர். 'சொல் போதும்' என்று நான் சொன்னதை அவர்களும் வறுமையினாற் செய்ய நேர்ந்தது. அவ்வாணைக்குழுவிலே 1942 முதல் 1947 வரை இசை திரட்டிய ஷேமஸ் என்னிஸ், மிதிவண்டியில் ஊர் ஊராய்த் திரிந்தவர். தாமே குழலிசைக் கலைஞர். மேற்குக் கரையிலே கோல்ம் ஓ கேயன் என்னும் எளிய மனிதர் ஒருவரிடமிருந்து மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட பாடல்களைப் பெற்றார். பின்னர் அவர் வானொலியிற் சேர்ந்து நடமாடும் ஒலிப்பதிவு வண்டியோடு அதே ஊர்களுக்குச் சென்றார். 1987இல் டப்ளினிலே மரபிசைக்கெனவே ஓர் ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது.

ஆசிரியர்களும் மாணவர்களும் சிறப்பாய் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1937 தொடங்கி அந்நாட்டின் ஏறக்குறைய 5000 ஆரம்பப் பாடசாலைகளிலே, 50,000க்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியர் தம் வீட்டு முதியோரிடம் கேட்டவற்றைப் பாடசாலைக் கொப்பிகளில் எழுதினர். அத்தொகுதி ஏறக்குறைய 7,40,000 பக்கங்களாய் விரிந்தது. அப்பிள்ளைகளின் கையில் அன்று பேனாவே இருந்தது. நம் பிள்ளைகளின் கையிலே இன்று கைத்தொலைபேசி இருக்கிறது. மெழுகு உருளையை மழிக்கவேண்டிய வறுமையும் இல்லை. மின்கலத் தடையும் இல்லை. இனி நமக்கு என்ன சாட்டு?

இன்னுமொன்று. 1922இல் டப்ளினின் பொது ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரிலே எரிந்து, பல நூற்றாண்டு ஏடுகள் சாம்பராயின. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததை நான் இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் மட்டும் வைத்தது ஓரிரவில் அழியும் என்பதை இரண்டு தீவுகளும் ஒரே பாடமாய்க் கற்றன. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தார் நம் நூல்களைக் காக்கும் பணி போற்றற்குரியது. நூல்களுக்குச் செய்ததைக் குரல்களுக்கும் செய்யவேண்டும். ஒரு பதிவுக்கு மூன்று படிகளாவது மூன்று வேறிடங்களில் இருத்தல் நன்று.

என் பிழையிலிருந்து நான் கற்றவற்றை மாணவர்க்குச் சொல்கிறேன். பாடுவோரின் பெயர், ஊர், வயது, பாட்டை யாரிடம் கற்றார், எத்தொழிலின்போது பாடினார் என்பவற்றை அவர் வாயாலேயே முதலிற் பதியுங்கள். இயலுமானால் தொழிலைச் செய்துகொண்டே பாடச் சொல்லுங்கள். உரலின் ஓசையை இரைச்சல் என்று நீக்காதீர்கள், அதுவே தாளம். இருமலையும், மறந்து நின்ற இடத்தையும் வெட்டாதீர்கள். ஒரு பாட்டை ஒருவரிடம் மட்டும் கேட்டு அமையாதீர்கள். சொல்லை எழுதும்போது பண்டிதனை வாயிலிலே நிறுத்திவிடுங்கள். ஒப்பாரியை மங்கலமான வீட்டிலே பாடல் ஆகாதென்று முதியோர் மறுப்பார்கள், அம்மறுப்பை மதியுங்கள். அவர் இசைந்தால், இசைந்த இடத்திலே கேளுங்கள். பதிந்ததன் படியொன்றை அவர் வீட்டாருக்குக் கொடுக்க மறவாதீர்கள். பாட்டு அவர்களுடையது, நாம் காவற்காரர் மட்டுமே.

அன்று என்னைப் பாடச் சொன்ன மாணவி சும்மா இருக்கவில்லை. விடுமுறையிலே தன் ஊர் மூதாட்டி ஒருவரைத் தேடிச் சென்று, உலக்கைப் பாட்டொன்றைத் தன் தொலைபேசியிற் பதிந்து வந்தாள். வகுப்பு முடிந்தபின் இருவருமாய் இருந்து கேட்டோம். முதலில் உலக்கை விழும் ஓசை. பின்னர் தளர்ந்த ஒரு குரல். சொற்களிற் சில என் கொப்பியிலுள்ளவற்றோடு ஒத்தன. நான் வெட்டி எறிந்த அசைகளும் அங்கே, உலக்கை எழும் இடந்தோறும், ஒன்றும் குறையாமல் இருந்தன.

"இதுதானோ ஐயா உங்கடை சின்னாச்சியின்ரை மெட்டு?" என்று கேட்டாள்.

ஆம் என்று சொல்ல மனம் விரும்பியது. சொல்ல முடியவில்லை. "தெரியாது பிள்ளை, இன்னுமொருக்காப் போடு" என்றேன்.