சிகரெட் கம்பெனி மீது வழக்குப் போட்ட ரோஸ் அம்மாள்

கடைக்குப் போய் ஒரு பிரஷர் குக்கர் வாங்கி வருகிறீர்கள். மூன்றாம் நாள் அது வெடித்து உங்கள் கையைச் சுட்டுவிடுகிறது. கட்டுப் போட்ட கையோடு கடைக்காரரிடம் போய் நிற்கிறீர்கள். "அம்மா, குக்கர் வெடிக்கும் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்ததுதானே? தெரிந்துதானே வாங்கினீர்கள்?" என்று அவர் கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் சிகரெட் கம்பெனிகள் கோர்ட்டில் சொல்லி வந்த பதில் ஏறக்குறைய இதுதான். "புகை பிடித்தால் கெடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே பிடித்தவர் எங்களிடம் நஷ்ட ஈடு கேட்பானேன்?" 1954 முதல் நூற்றுக்கணக்கானவர்கள் வழக்குப் போட்டார்கள். முப்பது வருஷங்களுக்கு மேலாக ஒருவருக்காவது பணம் கொடுக்கும்படி ஜூரர்கள் சொன்னதில்லை. அந்த நிலையை 1988-ல் ஒரு குடும்பப் பெண்ணின் வழக்கு மாற்றியது. அவர் பெயர் ரோஸ் சிப்பலோன்.

அழகு மங்கையரும் ஆறாம் விரலும்

ரோஸ் அம்மாள் 1925-ல் பிறந்தவர். 1942-ல், பள்ளிப் பருவம் தாண்டாத வயதில், செஸ்டர்ஃபீல்டு என்ற சிகரெட்டைப் பிடிக்கத் தொடங்கினார். ஏன்? விளம்பரப் படங்களில் அழகு மங்கையரும் சினிமா நட்சத்திரங்களும் அதைக் கையில் வைத்திருந்தார்கள். தாமும் அப்படி இருக்க வேண்டும் என்ற ஆசை! ரோஸ் அம்மாள் நம்மைப் போலவே பத்திரிகைப் பிரியை, ரேடியோவும் கேட்பார். அந்த சிகரெட் 'மென்மையானது' என்று விளம்பரங்கள் சொல்லின. மென்மையானது என்றால் கெடுதல் செய்யாதது என்றே தாம் அர்த்தம் செய்துகொண்டதாகப் பிற்பாடு அவர் வாக்குமூலம் கொடுத்தார்.

1950-ல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் டாக்டர்கள் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்று நோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக் காட்டினார்கள். 1952-ல் செஸ்டர்ஃபீல்டு விளம்பரமோ, நிபுணர் ஒருவரைக் கொண்டு சோதித்ததில் மூக்குக்கும் தொண்டைக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்றது!

பயம் ரோஸ் அம்மாளையும் தொட்டது. 1955-ல் அதே லிக்கெட் கம்பெனியின் 'எல் அண்டு எம்' என்ற ஃபில்டர் வைத்த சிகரெட்டுக்கு மாறினார். கெட்டது எதுவானாலும் ஃபில்டர் தடுத்துவிடும் என்ற நம்பிக்கை. டாக்டரே சீட்டு எழுதிக் கொடுத்தது போன்ற சரக்கு என்று அதற்கும் விளம்பரம் இருந்தது. 1968-க்குப் பின் வேறு இரண்டு கம்பெனிகளின் சிகரெட்டுகள். ஒவ்வொரு முறை மாறும்போதும் ஒன்று அழகுக்காக, ஒன்று பாதுகாப்புக்காக. விட்டொழிப்பது மட்டும் முடியவில்லை.

1981-ல் நுரையீரலில் புற்று நோய் என்று தெரிந்தது. டாக்டர்கள் எச்சரித்தார்கள். அப்போதும் யாருக்கும் தெரியாமல் பிடித்தார். அடுத்த வருஷம் ஒரு பக்கத்து நுரையீரலையே எடுக்க வேண்டியதாயிற்று. 1983-ல் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் அவரும் கணவர் அன்டோனியோவும் மூன்று கம்பெனிகள் மீதும் வழக்குத் தொடுத்தார்கள். 1984-ல் ரோஸ் அம்மாள் காலமானார். அவருடைய வாக்குமூலம் மட்டும் கோர்ட்டில் காத்திருந்தது.

சட்டம் கேட்கும் மூன்று கேள்விகள்

இம்மாதிரி வழக்கில் சட்டம் என்ன பார்க்கிறது? குக்கரையே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கேள்விகள் எழும். சரக்கைச் செய்த விதத்திலேயே கோளாறா? அபாயம் உண்டு என்று தெரிந்தும் சொல்லாமல் விட்டார்களா? அபாயம் இல்லை என்று வாயைத் திறந்து வாக்குக் கொடுத்தார்களா?

இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை! சொல்லாமல் இருப்பது வேறு. பொய்யாக வாக்குக் கொடுப்பது வேறு. இந்த வித்தியாசத்தில்தான் வழக்கின் உயிரே இருந்தது.

1988-ல் நீதிபதி சரோக்கின் முன்னிலையில் நாலு மாத விசாரணை நடந்தது. கம்பெனிகளின் அலமாரிகளில் பூட்டி வைத்திருந்த காகிதங்கள் அந்த வழக்கால் வெளியே வந்தன. 1950-களிலேயே லிக்கெட் கம்பெனிக்காகச் சுண்டெலிகளின் தோலில் புகையிலைத் தார் தடவிப் பார்த்திருக்கிறார்கள்; எலிகளுக்குப் புற்று நோய் வந்திருக்கிறது. பிறகு அந்தக் கம்பெனியின் விஞ்ஞானிகள் எலிகளுக்குக் கட்டி குறைவாக வரும் புது சிகரெட் ஒன்றையும் உருவாக்கினார்கள். அது கடைக்கு வரவே இல்லை. ஏன்? "இது கெடுதல் குறைந்தது" என்று விற்றால் "மற்றது கெடுதல்" என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று கம்பெனி வக்கீல்கள் அஞ்சினார்கள் என அதன் பழைய விஞ்ஞானி ஒருவரே சாட்சி சொன்னார்.

கம்பெனி வக்கீல்கள் சும்மா இருக்கவில்லை. "அவருக்கு வந்தது சிகரெட்டால் வரும் வகைப் புற்று நோயே அல்ல" என்றார்கள். "ரோஸ் அம்மாள் ஏமாளியல்ல, புத்திசாலி, மன உறுதி உள்ளவர். கணவர் விடச் சொன்னார், டாக்டர் விடச் சொன்னார். எல்லாம் தெரிந்துதான் தம் இஷ்டப்படி பிடித்தார்" என்றார்கள்.

80-ம் 20-ம்

ஜூன் மாதம் ஜூரர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். 1966-ல் பெட்டியில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வரும் முன்னர், லிக்கெட் கம்பெனி அபாயத்தை எடுத்துச் சொல்லத் தவறியது உண்மை. ஆனால் பழியைப் பங்கு போட்டால் ரோஸ் அம்மாளுக்கு 80, கம்பெனிக்கு 20! பாதிக்கு மேல் தம் மேலேயே தவறு இருந்தால் அந்த மாநிலச் சட்டப்படி ஒன்றும் கிடைக்காது. ஆகவே ரோஸ் அம்மாளின் பேரில் ஒரு காசும் இல்லை. கம்பெனிகள் கூடிச் சதி செய்தன என்பதையும் ஜூரர்கள் ஏற்கவில்லை. மற்ற இரண்டு கம்பெனிகளும் தப்பின.

ஆனால் மூன்றாவது கேள்வி? விளம்பரத்தில் கொடுத்த வாக்கைக் கம்பெனி மீறியது என்றார்கள் ஜூரர்கள். அதற்காகக் கணவர் அன்டோனியோவுக்கு 4 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னார்கள். சிகரெட் கம்பெனி பணம் கொடுக்க வேண்டும் என்று ஜூரர்கள் சொன்னது அதுவே முதல் தடவை.

அந்தப் பணம் கைக்கு வந்ததா? இல்லை. 1990-ல் மேல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பைத் தள்ளி மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த வருஷமே அன்டோனியோவும் காலமாக, மகன் வழக்கை நடத்தினார். 1992 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 1969-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு, விளம்பரத்தில் இன்னும் பலமாக எச்சரித்திருக்க வேண்டும் என்று வாதாட முடியாது என்றது. ஜனங்களைக் காப்பாற்ற வந்த எச்சரிக்கை வாசகம் கம்பெனிக்கே கேடயமாயிற்று! ஆனால் பொய் வாக்குக் கொடுத்ததற்கும், உண்மையை மறைத்து ஏமாற்றியதற்கும் வழக்குப் போடலாம் என்று அதே தீர்ப்பு கதவைத் திறந்தும் வைத்தது.

அந்தக் கதவுக்குள் போக ரோஸ் அம்மாளின் குடும்பத்துக்குச் சக்தி இல்லை. வக்கீல்கள் ஏராளமாகச் செலவழித்து ஓய்ந்திருந்தார்கள். அந்த வருஷ நவம்பரில் வழக்கு வாபஸ் ஆயிற்று.

பிறகு வந்தவர்கள்

தோற்ற வழக்குத்தானே என்று நினைத்துவிடாதீர்கள். 1994-ல் மிஸ்ஸிஸிப்பி மாநிலம் ஒரு புது வழியைக் கண்டுபிடித்தது. "தெரிந்து பிடித்தார், 80 பங்கு அவர் தவறு என்கிறீர்களே! சர்க்கார் சிகரெட் பிடிக்கவில்லையே? ஏழை நோயாளிகளின் ஆஸ்பத்திரிச் செலவைத் தாங்கியது சர்க்கார் கஜானாதானே?" என்று கேட்டது. கம்பெனிகளின் பழைய பதில் இங்கே செல்லவில்லை. ஒவ்வொரு மாநிலமாக வழக்குத் தொடுக்க, 1998 நவம்பரில் 46 மாநிலங்களுக்கு 25 வருஷங்களில் சுமார் 20,600 கோடி டாலர் கொடுக்கப் பெரிய கம்பெனிகள் சம்மதித்தன. மற்ற 4 மாநிலங்களுக்கு அதற்கு முன்பே தனியாக உடன்பாடு ஆகியிருந்தது.

இன்னொரு சங்கதி. சிகரெட்டால் புற்று நோய் வரும், அது விட முடியாத பழக்கம் என்று 1997 மார்ச்சில் ஒரு கம்பெனி மற்றவர்களுக்கு முன்னால் ஒப்புக்கொண்டது. அது எந்தக் கம்பெனி தெரியுமா? ரோஸ் அம்மாள் வழக்குப் போட்ட அதே லிக்கெட்!

நீங்கள் அந்த ஜூரர்களில் ஒருவராக இருந்திருந்தால் 80-ம் 20-மாகத்தான் பிரித்திருப்பீர்களா? ரோஸ் அம்மாள் மேல் தவறே இல்லை என்று சொல்ல முடியாதுதான். ஆனால் ஆசையோடு படம் பார்த்த பெண்ணுக்கு அந்த வயதில் உண்மை தெரியாது. 'மென்மை' என்று அச்சடித்தவர்களுக்கு உண்மையைத் தேடிப் பார்க்க ஆய்வுக் கூடம் இருந்தது. தெரிந்த பின் சொல்ல வாயும் இருந்தது.

அடுத்த முறை ஒரு டப்பாவின் மேல் 'மென்மையானது', 'டாக்டர்கள் விரும்புவது' என்று எதையாவது பார்த்தால் ஒரு நிமிஷம் நின்று படியுங்கள். நமக்கு அது வெறும் அலங்கார வார்த்தை. கோர்ட்டுக்குப் போனால் அது கொடுத்த வாக்கு.