'நேரலாம்' என்று எழுதினால் போதுமா?

அமெரிக்கப் பங்குச் சந்தையில் உள்ள பெருநிறுவனங்கள், 'இன்னின்ன ஆபத்துகள் நேரலாம்' என்று ஆண்டறிக்கையில் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. காரணம் உண்டு. எதிர்காலக் கணிப்பைத் தகுந்த எச்சரிக்கையோடு சொன்னால், அது பொய்த்தாலும் பங்குதாரர் வழக்கிலிருந்து 1995-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது.

ஆபத்து ஏற்கெனவே நேர்ந்திருந்தால்?

2018 மார்ச்சில், கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளத்தின் பயனர்களுடைய விவரங்களை வெளிச்செயலிகளுக்குத் திறந்துவிட்ட கோளாறு கூகுள் நிறுவனத்துக்குள் தெரியவந்தது. தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் ஏப்ரலில் அளித்த காலாண்டறிக்கையோ, ஆபத்துகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றது. அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் விஷயத்தை வெளியிட்டதும் பங்கு விலை சரிந்தது. பங்குதாரர்கள் சார்பில் ரோட் ஐலண்ட் மாநிலம் முன்னின்று வழக்காடியது. கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்த வழக்குக்கு, 2021-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் உயிர்கொடுத்தது. நடந்துவிட்டதை இனிமேல் நடக்கக்கூடியதுபோல் காட்டுவது முதலீட்டாளரை ஏமாற்றக்கூடும் என்றது. நியாயமான பார்வை! ஓய்வூதியப் பணத்தைப் போட்டவர்களுக்கு, நிறுவனத்தின் உள்நிலையை அறிய அந்த அறிக்கைதானே முக்கிய வழி?

தவறை ஒப்புக்கொள்ளாமலே, 2024-இல் 35 கோடி டாலர் தர ஆல்ஃபபெட் சமரசம் செய்துகொண்டது.