கைப்பேசி கூறும் மருந்து

மாணவர்களே! பள்ளி விட்டு வரும் வழியில் தெருநாய் ஒன்று ஒரு சிறுவனின் கணுக்காலைக் கவ்விவிட்டது என்று கொள்வோம். வீட்டில் பெரியோர் இல்லை. அவன் கைப்பேசியை எடுத்துத் தேடுகின்றான். மிளகாய்ப்பொடியை அப்புக என்கிறது ஒரு காணொளி. சுண்ணாம்பு தடவுக என்கிறது மற்றொன்று. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி இடுவர் என்று அச்சுறுத்துகிறது வாட்ஸப்பில் வந்த செய்தி. எதனை அவன் நம்புவது?

முதலிரண்டும் பிழையானவை. அவை புண்ணை எரித்துக் கெடுக்குமேயன்றி, நாயின் எச்சில் வழிப் புகுந்த வெறிநோய்க் கிருமியை அகற்றா. ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுதலே முதலில் செய்யத்தக்கது. பின்னர்த் தாழாது மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

மூன்றாவது செய்தியோ முழுப் பொய்யன்று, மூப்படைந்த மெய். யான் சிறுவனாக இருந்தபொழுது, எங்கள் தெருப் பையன் ஒருவன் நாள்தோறும் வயிற்றில் ஊசி ஏற்று அழுதவண்ணம் திரும்பக் கண்டிருக்கின்றேன். ஆட்டின் மூளையினின்று செய்யப்பட்ட அப்பழைய தடுப்பு மருந்து 2004ஆம் ஆண்டோடு நம் நாட்டில் கைவிடப்பட்டது. இந்நாளில் இடும் தடுப்பூசிகள் சிலவே. அவையும் புயத்தில் இடப்படுவன. கடி ஆழமாயின் புண்ணைச் சுற்றியும் ஒரு மருந்து செலுத்துவர். அரசு மருத்துவமனைகளில் இவற்றிற்குக் கட்டணம் இல்லை. இதனை அறியாது, பழைய செய்திக்கு அஞ்சிக் கடியை மறைக்கும் சிறுவனின் நிலை யாதாகும்? வெறிநோயின் குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது.

ஆதலின், நலச் செய்தி எதனைக் கண்டாலும் அஃது எழுதப்பெற்ற ஆண்டை முதலில் நோக்குக. சொல்லியவர் பெயரில்லாத ஒருவரா, உலக நலவாழ்வு நிறுவனம் போன்றதோர் அமைப்பா என்று பார்க்க. அவர் எதையேனும் விற்கின்றாரா என்பதையும் உசாவுக. ‘பலர்க்கும் அனுப்புக’ என்னும் வேண்டுகோள் மெய்ம்மைக்குச் சான்றாகாது. நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நான்காக வகுத்தார் திருவள்ளுவர். செய்தியைப் பரப்புவோன் அந்நான்கனுள் எதனுள்ளும் அடங்கான்!

ஐயம் தீராதாயின் தமிழ்நாட்டில் 104 என்னும் எண்ணில் அழைத்து நலவாழ்வு பற்றிக் கேட்டறியலாம். ஆனால் கைப்பேசியைத் தொடுவது, புண்ணைக் கழுவி முடித்த பிறகே.