செம்பருத்தியும் தேன்சிட்டும்: யாருக்கு யார் தேவை?

பாலவாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் தெருக்களில், சுற்றுச்சுவரை ஒட்டிச் செம்பருத்தி நிற்கும் வீடுகள் இன்னும் உண்டு. அங்கே காலையில் தவறாமல் வந்துவிடும் பறவை ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. எடை 10 கிராம்கூட இருக்காது.

இரண்டுமே நிறத்துக்குப் பேர்போனவை. நிறம் வரும் வழிதான் வேறு. செம்பருத்தியின் சிவப்பு, ஆந்தோசயனின் என்னும் சாயம். இதழை வெந்நீரில் போட்டால் சாயம் இறங்கிவிடும். அந்த நீரில் எலுமிச்சைச் சாறு விட்டால் பளிச்சென்று சிவக்கும். சலவை சோப்புக் கரைசலை விட்டால் பச்சையாகும். ஆண் தேன்சிட்டின் தொண்டையில் மின்னும் ஊதாவை இப்படி இறக்க முடியாது. இறகின் நுண்ணிழைகளுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் மெலனின் துகள்களில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றும் நிறம் அது. பறவை கொஞ்சம் தலையைத் திருப்பினால் அதே தொண்டை கறுத்துவிடும்.

இருவரையும் இணைபிரியாத நண்பர்கள் என்கிறோம். அது பாதி உண்மைதான். ஒற்றைச் செம்பருத்தியின் நடுவே நீண்டு நிற்கும் குழலைப் பாருங்கள்: சுற்றிலும் மகரந்தப்பைகள், நுனியில் ஐந்து சூல்முடிகள். முன்பக்கமாக வரும் பறவையின் மேல் மகரந்தம் பூசத் தோதான அமைப்பு. தேன்சிட்டோ பல நேரம் காம்புப் பக்கம் உட்கார்ந்து, பூவின் அடியில் அலகால் துளையிட்டுத் தேனை உறிஞ்சிவிடுகிறது. மகரந்தம் அதன்மேல் படுவதே இல்லை. ஆனாலும் செடிக்கு நஷ்டமில்லை. இதன் உறவுகளான வெண்டையும் பூவரசும் காய்த்து விதை தருகின்றன. தோட்டத்துச் செம்பருத்தி விதை வைப்பது அபூர்வம். கிளையை வெட்டி நட்டு நாம்தான் அதைப் பெருக்குகிறோம்.

தேன்சிட்டுக்கு அப்படி யாரும் இல்லை. தேன் குடிக்கும் பறவைதான் என்றாலும், குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சியும் சிலந்தியும் வேண்டும். பெண் பறவை நாரையும் சருகையும் சேர்த்துக் கட்டும் தொங்கு கூட்டுக்குச் சிலந்தி வலைதான் பசை. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்ததும் மருந்தடித்தால், கூடவே சிலந்தியும் அழிகிறது.

மாவுப்பூச்சி கண்ட கிளையை நறுக்கி எறியுங்கள். மீதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். தோட்டத்து மூலையில் கொஞ்சம் ஒட்டடை இருந்தால் இருக்கட்டும். பூஜைக்குப் பறிக்கும்போது நாலைந்து பூக்களைச் செடியிலேயே விட்டுவிடுங்கள்.